அறுவை சிகிச்சை நோயாளர்களுக்குச் செவிலியர் அளிக்கும் கல்வி

அறுவை சிகிச்சைக்குக் காத்திருக்கும் வயதுவந்த நோயாளருக்கு நடக்கப்போவதை விளக்கி, அதன்பின் அவரே செய்துகொள்ள வேண்டியவற்றை முன்னதாகவே பழக்கிவிடும் செவிலியப் பணி. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்குவது இதில் சேராது. அது அறுவை மருத்துவரின் பொறுப்பு.

இத்துறையின் புகழ்பெற்ற தொடக்கச் சான்றைத் தந்தவர் செவிலியர் அல்லர், மயக்க மருத்துவர். பாஸ்டனின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் லாரன்ஸ் எக்பர்ட் குழுவினர் வயிற்று அறுவைக்கு வந்த 97 பேரை ஆராய்ந்து 1964இல் முடிவை வெளியிட்டனர். வலி எப்படி இருக்கும், உடலை எப்படித் தளர்த்துவது, எப்படிப் புரள்வது என்று கற்பிக்கப்பட்டவர்களுக்கு வலிமருந்து ஏறத்தாழப் பாதியே தேவைப்பட்டது, சராசரியாக 2.7 நாள் முன்னதாக அவர்கள் வீடு திரும்பினர். 1971இல் கரோல் லிண்டமனும் பெட்டி வான் ஏர்னமும் செவிலியரின் கற்பித்தலையே சோதித்தனர். அவரவர் போக்கில் சொல்லிவிட்டுப் போவதைவிட, வரையறுத்த பாடமாக நடத்தியபோது நோயாளர்கள் நன்றாக மூச்சிழுத்தனர், இருமினர்.

பாடத்தில் முதலிடம் நுரையீரலுக்கே. தையல் வலிக்குப் பயந்து மேலோட்டமாக மூச்சுவிட்டால் சளி தேங்கும். ஆகவே தலையணையைக் காயத்தின்மேல் அணைத்து இருமவும், பந்துகள் மேலெழும்படி மூச்சுப்பயிற்சிக் கருவியில் காற்றை இழுக்கவும், படுத்தபடியே கணுக்காலை அசைக்கவும் பழக்குகிறார்கள். வலிக்கு 0 முதல் 10 வரை எண் சொல்லவும் கற்பிக்கிறார்கள்.

பட்டினி விதியில்தான் குழப்பம் அதிகம். பொதுவாகத் திட உணவை மயக்க மருந்துக்கு 6 மணி நேரம் முன்பும், தண்ணீரை 2 மணி நேரம் முன்பும் நிறுத்த வேண்டும். பால் கலந்த காப்பி திட உணவுக் கணக்கில் வரும். 'வெறும் வயிற்றில் வாருங்கள்' என்றால் காப்பியைக் கணக்கில் சேர்க்காதவர்கள் உண்டு. எனவே 'புரிந்ததா?' என்று கேட்பது வீண். கேட்டதை நோயாளரே தம் சொற்களில் திருப்பிச் சொல்ல வேண்டும்.

பலன் எவ்வளவு? எலிசபெத் டிவைன் 1992இல் 191 ஆய்வுகளைத் தொகுத்து, குணமடைதல், வலி, மனக்கலக்கம் ஆகியவற்றில் சிறிதளவு முதல் நடுத்தர அளவுவரை நன்மை கண்டார். இடுப்பு, முழங்கால் மூட்டு மாற்றம் பற்றிய 2014ஆம் ஆண்டின் காக்ரேன் மீளாய்வோ, 18 சோதனைகளைப் பார்த்தும் வழக்கமான பராமரிப்பைவிடக் கூடுதல் பயன் உண்டென்று உறுதிகூறவில்லை. அந்த வழக்கமான பராமரிப்பிலேயே ஓரளவு விளக்கம் அடங்கியிருப்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.