சிற்றிலும் சீட்டுக்கட்டும்

பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் முதல் ஏழும் ஆண்பாலுக்கும் பெண்பாலுக்கும் பொது. கடைசி மூன்றில்தான் வழி பிரிகிறது. பெண்ணுக்கு அம்மானை, நீராடல், ஊசல் என்று வரும். ஆணுக்குச் சிறுபறை, சிறுதேர், சிற்றில் சிதைத்தல். இந்தக் கடைசிப் பெயரைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். சிறுமியர் மணலில் கட்டிய வீட்டைக் காலால் எற்றிக் கலைப்பதே அந்த ஆண்குழந்தையின் விளையாட்டு. எங்கள் வீட்டைக் கலைக்காதே என்று அவர்கள் இறைஞ்சுவதாகப் பாடல் அமையும். அதைக் குறும்பு என்று ரசிக்கவே நமக்குக் கற்றுத் தந்திருக்கிறார்கள். இருபது ஆண்டுகளாகத் தமிழ் இலக்கியம் நடத்துகிற எனக்கு, பெண்களின் விளையாட்டு வரலாற்றை எழுத இதைவிடப் பொருத்தமான தொடக்கம் தெரியவில்லை. பெண்கள் எப்போதும் ஆடியிருக்கிறார்கள். அவர்கள் ஆடிய இடத்தைக் கலைக்கும் உரிமை மட்டும் வேறொருவர் கையில் இருந்திருக்கிறது.

சங்கப் பாடல்களில் மகளிர் கழங்கு ஆடுகிறார்கள், பந்து ஆடுகிறார்கள், ஊசல் ஆடுகிறார்கள். கீழடி அகழாய்வில் பகடையும் ஆட்டக்காய்களும் கிடைத்திருக்கின்றன. நான் வாழும் திருவண்ணாமலைக்கு இந்த வரலாற்றில் தனி இடமுண்டு. மாணிக்கவாசகர் திருவெம்பாவையையும் திருவம்மானையையும் இங்கேதான் பாடினார் என்பது மரபு. அம்மானை பெண்கள் காய்களை மேலே வீசிப் பிடித்தபடி பாடும் ஆட்டம். திருவாசகத்தில் சாழல், பூவல்லி, உந்தியார், தோணோக்கம், பொன்னூசல் என்று மகளிர் ஆட்டங்களும் அவர்கள் கூடிச் செய்த வேலைகளும் பாடல் வடிவங்களாகியிருக்கின்றன. வடிவத்தைக் கொடுத்த பெண்களில் ஒருத்தியின் பெயர்கூட நம்மிடம் இல்லை.

இந்த ஊரின் தலபுராணமே ஒரு விளையாட்டில் தொடங்குகிறது. உமை விளையாட்டாகச் சிவனின் கண்களைப் பொத்துகிறாள். உலகம் இருண்டுபோகிறது. அதற்கு ஈடாக அவள் தவம் செய்ய வேண்டியதாகிறது. பவழக்குன்றில் தவமிருந்த பிறகே இடப்பாகம் கிடைக்கிறது. கார்த்திகை தீபத்தன்று மலையுச்சியில் தீபம் ஏற்றும் வேளையில் அர்த்தநாரீசுவரர் சில நிமிடம் மட்டும் வெளியே வந்து காட்சி தருகிறார். கூட்டத்தில் நின்று நானும் கைகூப்பியிருக்கிறேன். ஆனாலும் ஒன்று உறுத்தும். அவன் ஆடினால் அது திருவிளையாடல். அவள் ஆடினால் அதற்குப் பரிகாரம் உண்டு.

எங்கள் மாவட்டத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நடக்கும்போது ‘சூது துகில்’ இரவுக்குப் பெருங்கூட்டம் கூடும். தெருக்கூத்துக்குப் பெயர்பெற்ற புரிசை இந்த மாவட்டத்து ஊர்தான். பாஞ்சாலி அந்த ஆட்டத்தில் ஆடுபவள் அல்ல, பணயம். பகடையைத் தொடாமலே தோற்றுப்போனவள். மரபுப்படி அவள் வேடத்தைக் கட்டுவதும் ஓர் ஆண்தான். ஆனால் சபையில் அவள் கேட்பது ஆட்டவிதி பற்றிய கேள்வி. தன்னையே முதலில் தோற்றவனுக்கு என்னை வைத்து ஆட ஏது உரிமை என்கிறாள். ஆடத் தெரிந்த பெரியவர்கள் நிறைந்த அவையில் விதியைச் சரியாகப் படித்தவள் ஆட இடம் பெறாத அவள் ஒருத்திதான்.

இந்தப் பின்னணியோடுதான் நம் காலத்துச் சீட்டாட்டம் ஒன்றைப் பார்க்க விரும்புகிறேன். 1993ல் ரிச்சர்ட் கார்ஃபீல்ட் என்ற கணிதவியலாளர் உருவாக்கிய ‘மேஜிக்: தி கேதரிங்’ ஒரு புதுவகை ஆட்டத்தைத் தொடங்கிவைத்தது. எல்லாருக்கும் பொதுவான 52 சீட்டு இதில் இல்லை. ஒவ்வொருவரும் சீட்டுகளைச் சேகரித்து, மாற்றிக்கொண்டு, தமக்கான கட்டைத் தாமே அமைக்க வேண்டும். 2014 மார்ச்சில் பிளிஸார்ட் நிறுவனம் வெளியிட்ட ‘ஹார்த்ஸ்டோன்’ இந்த வகையை இணையத்தில் பெருவாரியாகப் பரப்பியது. கட்டுக்கு 30 சீட்டு. ஒரு முறைக்கு 75 நொடி. போட்டிகளில் ஒரு கட்டு போதாது. பல கட்டுகளோடு வர வேண்டும். எதிராளி அவற்றில் ஒன்றை விலக்குவார், மீதமுள்ள ஒவ்வொன்றாலும் வென்றாக வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்பட்ட முறை. உடல் வலிமைக்கு இதில் வேலையே இல்லை. நினைவாற்றல், கணக்கு, எதிராளியின் மனத்தைப் படிப்பது, அதிர்ஷ்டம் கைவிட்டாலும் பதறாமல் இருப்பது, இவ்வளவுதான்.

அப்படியிருந்தும் அதே 2014ல், உலகப் போட்டிக்காக பின்லாந்தில் நடக்கவிருந்த ஹார்த்ஸ்டோன் தகுதிச்சுற்று ஆண்களுக்கு மட்டும் என்று அறிவிக்கப்பட்டது. தென்கொரியாவைத் தலைமையிடமாகக் கொண்ட சர்வதேச மின்விளையாட்டுக் கூட்டமைப்பின் விதி அப்படி. பெண்களுக்கென்று இரண்டு ஆட்டங்களைத் தனியே ஒதுக்கியிருந்தார்கள். அதில் சீட்டாட்டம் இல்லை. மின்விளையாட்டையும் விளையாட்டு என்று உலகம் ஏற்க வேண்டுமானால் மற்ற விளையாட்டுகளைப் போல ஆண் பெண் பிரிவு வேண்டும் என்று காரணம் சொன்னார்கள். சதுரங்கத்தையும் உதாரணம் காட்டினார்கள். சதுரங்கத்தில் பெண்களுக்குத் தனிப்போட்டி உண்டு, பொதுப்போட்டியின் கதவும் திறந்தே இருக்கிறது என்பதை வசதியாக மறந்துவிட்டார்கள். எதிர்ப்பு கிளம்பிய சில நாள்களுக்குள் விதி மாறியது. போட்டிகள் எல்லாருக்கும் பொது என்றும், பெண்களுக்கான தனிப்போட்டி கூடுதலாகத் தொடரும் என்றும் அறிவித்தார்கள்.

விதி மாறினால் வரிசை மாறிவிடாது. 2019 நவம்பர் 2 அன்று அமெரிக்காவின் அனஹைம் நகரில் நடந்த உலக இறுதிப்போட்டியில் சீனாவின் லி சியாவ்மெங் 3க்கு 0 என்ற கணக்கில் வென்றார். பரிசு 2 லட்சம் டாலர். பிளிஸார்டின் அந்த ஆண்டுவிழா மேடையில் உலகப் பட்டம் வென்ற முதல் பெண் அவர். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு போட்டிக்காக வரிசையில் நின்றபோது, பெண்ணான உனக்கு இங்கே வேலையில்லை என்று ஒருவர் தன்னிடம் சொன்னதை வெற்றிக்குப் பிறகு அவர் நினைவுகூர்ந்தார். சிற்றில் சிதைக்கும் கால் எந்த நாட்டிலும் ஒரே கால்தான்.

இந்தியாவுக்கும் இந்த ஆட்டத்தில் ஒரு பெயர் உண்டு. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் மின்விளையாட்டுகள் காட்சிப் போட்டியாக நடந்தபோது குஜராத்தைச் சேர்ந்த தீர்த் மேத்தா ஹார்த்ஸ்டோனில் வெண்கலம் வென்றார். காட்சிப் போட்டி என்பதால் அது பதக்கப் பட்டியலில் சேரவில்லை. அடுத்த ஆசிய விளையாட்டுக்காக 2022ல் தேர்வான இருவரும் ஆண்கள். பிறகு அந்த ஆட்டமே ஹாங்சோ பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது.

தமிழ்நாட்டில் இணையச் சீட்டு என்றால் நினைவுக்கு வருவது ரம்மிதான். அதற்குக் காரணம் இருக்கிறது. கடன், தற்கொலை, சிதைந்த குடும்பங்கள் என்று வந்த செய்திகளுக்குப் பிறகு 2022ல் நீதிபதி சந்துரு தலைமையில் குழு அமைந்தது. அதே ஆண்டு பேரவை நிறைவேற்றிய தடைச் சட்டம் 2023 ஏப்ரலில்தான் ஆளுநரின் ஒப்புதலைப் பெற்றது. அந்த நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்று, ரம்மிக்கும் போக்கருக்குமான தடையை மட்டும் நீக்கியது. 2025 ஆகஸ்டில் வந்த ஒன்றியச் சட்டம் பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களைத் தடைசெய்து, மின்விளையாட்டைத் தனி வகையாக ஏற்றுக்கொண்டது.

இந்த விவாதம் முழுவதிலும் பெண் எங்கே இருந்தாள்? தாலியை அடகுவைத்தவளாக, பிள்ளையை இழந்தவளாக, விதவையாக இருந்தாள். அந்தத் துயரம் உண்மையானது. அதற்காகச் சட்டம் வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. எந்தச் சீட்டு வரும் என்று தெரியாமலே காசு கொடுத்துப் பொதிகள் வாங்கவைக்கும் வழக்கம் சேகரிப்புச் சீட்டாட்டங்களிலும் இருக்கிறது. அதையும் கண்காணிக்கத்தான் வேண்டும். ஆனால் பாஞ்சாலியைப் போல, ஆட்டத்தின் விளைவைச் சுமப்பவளாக மட்டுமே பெண் பேசப்பட்டாள். ஆடுபவளாக அவளை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. சூதுக்கும் திறனாட்டத்துக்கும் சட்டம் கண்ட வேறுபாட்டை வீடு இன்னும் காணவில்லை. சீட்டு என்ற சொல் காதில் விழுந்ததும் முதலில் பிடுங்கப்படுவது மகளின் கைபேசிதான்.

முதுகலை படிக்கும் என் மாணவி ஒருத்தி இத்தகைய போட்டிகளில் ஆடுகிறாள், ஓர் ஆண் பெயரில். குரல் இணைப்பை அவள் எப்போதும் அணைத்தே வைத்திருக்கிறாள். ஒருமுறை நான்கு சுற்று வென்ற பிறகு, விளக்கேற்றும் நேரம் ஆகிவிட்டதென்று அம்மா கூப்பிட, பாதியில் விலகினாள். “ஜெயிச்சாலும் யாருகிட்ட சொல்றது மேடம்? பேரு என்னோடது இல்லையே” என்றாள்.

அவளுடைய நேரத்துக்கும் கணக்கு இருக்கிறது. 2019ல் இந்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லா வீட்டுவேலை செய்யும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்கு 299 நிமிடம் செலவிடுகிறார்கள். ஆண்கள் 97 நிமிடம். இடையில் இருக்கும் 202 நிமிடம் சமையலறையில் கழிகிறது. இணையப் போட்டி ஒன்று பல மணி நேரம் இடைவிடாமல் நீளும். உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்தால் தோல்வி. கைபேசியும் எல்லாருக்கும் வாய்த்துவிடவில்லை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில், தாமே பயன்படுத்தும் கைபேசி வைத்திருந்த பெண்கள் நாட்டளவில் 54 விழுக்காடு. இதையெல்லாம் கூட்டிப் பார்க்காமல், பெண்களுக்கு இதில் ஆர்வமில்லை என்று சொல்லிவிடுவது எளிது.

பெண்களுக்கான தனிப்போட்டி போதுமா, பொதுப்போட்டியே வேண்டுமா என்று தோழிகள் கேட்கிறார்கள். தயங்கி நிற்பவள் பழகுவதற்குத் தனிப்போட்டி உதவும். ஆனால் அது பொதுப்போட்டிக்குச் செல்லும் வாசலாக இருக்க வேண்டும், ஒதுக்குப்புறமாகிவிடக் கூடாது. கல்லூரிகள் இப்போது மின்விளையாட்டு மன்றங்களைத் தொடங்குகின்றன. அவற்றின் முதல் கூட்டத்துக்கே நம் மாணவிகள் போக வேண்டும். இரவு எட்டு மணிக்குப் பெண்கள் விடுதியில் மட்டும் கைபேசியை வாங்கி வைக்கும் விதி இருந்தால் அது ஏன் என்று எழுத்தில் கேட்க வேண்டும். போட்டியில் இழிவாகப் பேசுகிறவரை விலக்கும் விதி உண்டா என்றும் கேட்க வேண்டும். பதிவுப் படிவத்தில் தம் சொந்தப் பெயரை எழுத வேண்டும்.