ரஹீம் சாஹிபும் எங்கள் கழகத்தின் புதிய கோச்சும்



கழகத்துக்குப் புதிய கோச் ஒருவரைத் தேடுகிறார்கள் என்ற செய்தி வந்ததிலிருந்து ஊரில் இதே பேச்சுத்தான். கொழும்பிலிருந்து பெயர்பெற்ற ஒருவரைக் கொண்டுவருவோம் என்கிறார்கள் சிலர். லைசன்ஸ் இல்லாதவரைக் கிட்டவும் எடுக்கக் கூடாது என்கிறார்கள் வேறு சிலர். தேசிய அணிக்கு ஆடியவர்தான் வேண்டும், அப்போதுதான் பிள்ளைகள் சொல் கேட்பார்கள் என்பது இன்னொரு கட்சி. எல்லாம் நல்ல நோக்கத்தோடுதான் பேசப்படுகிறது. ஆனால் எதைப் பார்த்து ஆளை எடுப்பது என்ற கேள்வியில் யாரும் நின்று யோசித்ததாகத் தெரியவில்லை. பெயர்களைத்தான் பேசுகிறோம்.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். நம் பக்கத்தில் மேனேஜர் என்றால் பஸ் பேசுபவர், ஜேர்சி எண்ணி வாங்குபவர், மெச் முடிந்தால் சாப்பாட்டுப் பார்சலுக்குப் பொறுப்பானவர். இங்கிலாந்தில் மேனேஜர் என்றால் யாரை எடுப்பது, யாரை ஆடவைப்பது, எப்படி ஆடுவது என்று எல்லாவற்றையும் தீர்மானிப்பவர். அந்த வேலையை இங்கே செய்பவர் பயிற்றுவிப்பாளர். நாம் தேடுவது அவரைத்தான்.

இந்த நேரத்தில் ஒரு மனிதரின் வரலாற்றைச் சொல்ல விரும்புகிறோம். சிலர் 2024இல் வந்த 'மைதான்' என்ற ஹிந்திப் படத்தில் அவரைப் பார்த்திருப்பீர்கள். படம் படம்தான். உண்மை அதைவிடப் பிரயோசனமானது.

சையத் அப்துல் ரஹீம் 1909 ஓகஸ்ட் 17இல் ஹைதராபாத்தில் பிறந்தார். உஸ்மானியா பல்கலைக்கழகப் பட்டதாரி. தொழில், பாடசாலை ஆசிரியர். உடற்கல்வி டிப்ளோமாவையும் முடித்து, வகுப்பறையிலிருந்து மைதானத்துக்குப் போனவர். பெரிய வீரர் என்று எங்கும் பெயர் எடுத்தவர் அல்ல. ஹைதராபாத் சிற்றி பொலிஸ் அணியின் பயிற்றுவிப்பாளராகத்தான் நாட்டுக்குத் தெரியவந்தார். உதைபந்தாட்டம் என்றால் கல்கத்தாதான் என்றிருந்த காலம் அது. அந்தக் காலத்தில் இந்தப் பொலிஸ் அணி 1950 முதல் 1954 வரை ஐந்து வருடங்கள் தொடர்ந்து பம்பாயின் ரோவர்ஸ் கிண்ணத்தை எடுத்தது. அதே பொலிஸ் அணியோடும் இந்திய அணியோடும் 1963இல் மரணிக்கும்வரை அவர் இருந்தார். அவருடைய காலத்தில் இந்தியா 1951இல் புதுடில்லியிலும் 1962இல் ஜகார்த்தாவிலும் ஆசிய விளையாட்டு விழாவில் தங்கம் வென்றது. அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

எங்கள் மூத்தவர்களுக்கு அந்த இந்திய அணி அந்நியமானதும் அல்ல. 1952இல் இந்தியா, பாகிஸ்தான், பர்மா, இலங்கை ஆகிய நான்கு நாடுகளுக்காகத் தொடங்கிய கொழும்புக் கிண்ணம் முதலில் நடந்தது கொழும்பில்தான். அந்த முறை இந்தியாவும் பாகிஸ்தானும் கிண்ணத்தைப் பகிர்ந்துகொண்டன. அடுத்த மூன்று முறையும் இந்தியாவே எடுத்தது.

வெற்றிப் பட்டியல் எல்லாருக்கும் கிடைக்கும். எங்களுக்கு முக்கியமாகப் படுவது வேறு. ரஹீம் சாஹிப் ஹைதராபாத்தில் சிறுவர்களுக்காகச் சில விசித்திரமான போட்டிகளை நடத்தினார். ஒன்றில் பலவீனமான காலால் மட்டும்தான் பந்தை உதைக்கலாம். வலது கால் பிள்ளை இடது காலால், இடது கால் பிள்ளை வலது காலால். இன்னொன்றில் ட்ரிபிளிங் செய்யவே கூடாது, பந்து வந்தவுடன் கொடுத்துவிட வேண்டும். மூன்றாவது, உயரம் குறைந்த பிள்ளைகளுக்கென்றே ஒரு போட்டி.

இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். போகம்பறையிலோ வேறெங்கோ பதினைந்து வயதுக்குட்பட்ட அணித் தெரிவு நடந்தால் முதலில் கண்ணில் படுவது யார்? உயரமான பிள்ளை, வேகமாக ஓடும் பிள்ளை, ஒரே காலால் பலமாக அடிக்கும் பிள்ளை. பதின்மூன்று வயதில் இன்னும் வளராத பிள்ளை அன்றைக்கே வீட்டுக்குப் போய்விடுகிறான். மூன்று வருடத்தில் அவன் வளர்ந்துவிடுவான், ஆனால் மைதானத்துக்குத் திரும்பி வரமாட்டான். ரஹீம் அந்தப் பிள்ளைக்கும் ஒரு கிண்ணம் வைத்தார். கல்வியியற் கல்லூரியில் எங்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லித் தந்ததும் இதுதான்: முன்வரிசையில் கையுயர்த்தும் பிள்ளையை மட்டும் வைத்து வகுப்பை அளக்காதீர்கள். ஒரு கோச் இதைக் கோச்சிங் புத்தகத்தில் படிக்காமலும் போகலாம். வகுப்பில் நாற்பது பிள்ளைகளோடு நின்ற ஒருவருக்கு இது தானாக வரும்.

துளசிதாஸ் பலராம் கதையும் இதே போன்றது. செகந்திராபாத் பக்கத்து ஏழைக் குடும்பத்துப் பையன். திறமை உண்டு, பயிற்சிக்கு வந்துபோகக் காசில்லை. ரஹீம் அவருடைய பயணச் செலவுக்குத் தினமும் ஒரு ரூபாய் கொடுத்தார். அந்தப் பையன் இரண்டு ஒலிம்பிக் ஆடினார், 1960இல் ரோமில் ஹங்கேரிக்கு எதிராகவும் பெருவுக்கு எதிராகவும் கோல் போட்டார், 1962இல் தங்க அணியிலும் இருந்தார். ஒரு பிள்ளை இரண்டு கிழமையாகப் பயிற்சிக்கு வரவில்லை என்றால் "அவனுக்கு அக்கறை இல்லை" என்று பெயரை வெட்டுவது லேசு. அக்குறணையிலிருந்தோ மடவளையிலிருந்தோ இரண்டு பஸ் மாறி வர அவனிடம் காசு இருந்ததா என்று கேட்பவர்தான் கோச்.

சரி, நல்ல மனிதர், பிள்ளைகளில் அக்கறை உள்ளவர், அது போதுமா? போதாது. ரஹீமுக்கு ஆட்டமும் தெரிந்திருந்தது, தன் காலத்தைவிட முன்னால் தெரிந்திருந்தது. 1953இல் ஹங்கேரி வெம்பிளியில் இங்கிலாந்தை 6-3 என்று அடித்ததே, அந்த ஹங்கேரியின் முறையை, அதாவது நடு முன்வரிசை வீரர் பின்னுக்கு இறங்கி ஆடும் முறையை, இந்தியாவுக்குக் கொண்டுவந்தவர் அவர். பிரேசில் 1958 உலகக் கிண்ணத்தில் பிரபலமாக்கிய 4-2-4 அமைப்பையும் நேரத்தோடு பிடித்துக்கொண்டார். டெலிவிஷன் இல்லாத, வீடியோ இல்லாத நாட்களில்! இன்று கையில் இருக்கும் போனில் உலகத்தின் எல்லா மெச்சும் கிடைக்கிறது. ஆனாலும் பதினைந்து வருடத்துக்கு முன் தான் ஆடிய விதத்தையே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் கோச்மாரை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம்.

இனி வருவதுதான் கழகக் கமிட்டியில் இருப்பவர்கள் கட்டாயம் வாசிக்க வேண்டிய இடம்.

1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் ரஹீமின் இந்திய அணி யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று தோற்றது. பத்துக்கு ஒன்று. பல வீரர்கள் வெறுங்காலோடு ஆடினார்கள். நம் ஊரில் ஒரு கோச் அப்படித் தோற்றால் அன்றிரவே அவருக்கு ஜனாஸா அறிவித்தல் போட்டுவிடுவார்கள். இந்திய உதைபந்தாட்டச் சம்மேளனம் அவரை வைத்துக்கொண்டது. தோல்வியின் காரணத்தைப் பார்த்தது, பூட்ஸ் அணிவதைக் கட்டாயமாக்கியது. நான்கு வருடம் கழித்து 1956 மெல்பேர்னில் அதே ரஹீமின் அணி அவுஸ்திரேலியாவை அவர்களுடைய மண்ணிலேயே 4-2 என்று வென்றது. நெவில் டி சூசா மூன்று கோல் போட்டார். ஒலிம்பிக் உதைபந்தாட்ட அரையிறுதிக்கு வந்த முதல் ஆசிய நாடு இந்தியாதான். அரையிறுதியில் மறுபடியும் யூகோஸ்லாவியா. இந்தத் தடவை 4-1. தோல்விதான். ஆனால் பத்துக்கும் நான்குக்கும் இடையில் இருப்பது நான்கு வருட வேலை.

நம் தேசிய அணியைப் பாருங்கள். 2018 முதல் 2024 வரை பக்கீர் அலி, அமீர் அலாகிச், அன்டி மொரிசன், கீத் ஸ்டீவன்ஸ், அப்துல்லாஹ் அல் முதைரி என்று ஐந்து பயிற்றுவிப்பாளர்கள். இடையில் 2023 ஜனவரி முதல் ஓகஸ்ட் வரை ஃபிஃபாவின் தடையும். இவர்களில் யார் நல்லவர், யார் கெட்டவர் என்ற விவாதத்துக்கு நாங்கள் வரவில்லை. எவருக்காவது ஹெல்சிங்கியிலிருந்து மெல்பேர்னுக்குப் போக நேரம் கொடுக்கப்பட்டதா என்பதே கேள்வி. மென்செஸ்டர் யுனைட்டட் ரசிகர்கள் ஊரில் நிறைய இருக்கிறீர்கள். அலெக்ஸ் பெர்குசன் வந்தது 1986 நவம்பரில், முதல் கிண்ணம் 1990இல், முதல் லீக் 1993இல். 2013இல் அவர் போன பிறகு எத்தனை பேர் வந்து போனார்கள் என்பதை நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

நியாயமாக மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். மாற்றம் சில நேரம் உடனே பலன் தரும். சென்னையின் எஃப்.சி. அணி 2019 டிசம்பரில் புள்ளிப் பட்டியலின் அடியில் கிடந்தபோது ஓவன் கோய்ல் வந்தார், அதே பருவத்தில் இறுதிப்போட்டிக்குக் கொண்டுபோனார். ஆகவே கோச்சை மாற்றவே கூடாது என்பதல்ல எங்கள் வாதம். ஆனால் கோய்ல் அடுத்த பருவமே ஜம்ஷெட்பூருக்குப் போய்விட்டார், சென்னை எட்டாம் இடத்துக்கு வந்தது. ஒரு பருவத்துக்கு வருபவர் ஒரு பருவத்தைத்தான் தருவார்.

ஜகார்த்தாவைச் சொல்லாமல் ரஹீமைப் பற்றி எழுத முடியாது. 1962இல் முதல் ஆட்டமே தென் கொரியாவிடம் 2-0 தோல்வி. அடுத்து தாய்லாந்துடனான ஆட்டத்தில் பின்வரிசையின் தூணான ஜர்னைல் சிங்குக்குத் தலையில் காயம், தையல் போட வேண்டியதாயிற்று. கோல்காப்பாளர் பீட்டர் தங்கராஜுக்குக் காய்ச்சல். இந்திய விளையாட்டு அதிகாரி ஒருவர், இஸ்ரேலையும் தாய்வானையும் போட்டிக்குச் சேர்க்காததைப் பற்றிப் பேசியதால் இந்தோனேசிய மக்கள் இந்தியாவின் மேல் கோபமாக இருந்தார்கள். ரஹீமின் உடலிலோ நுரையீரல் புற்றுநோய்.

தலையில் தையலோடு பின்வரிசையில் பந்தைத் தலையால் அடித்துக்கொண்டே இருக்க முடியாது. இன்னொரு கோச் என்றால் ஜர்னைலை வெளியே உட்கார வைத்திருப்பார். ரஹீம் அவரை முன்வரிசைக்குக் கொண்டுபோனார். பிள்ளைப் பருவத்தில் ஜர்னைல் முன்வரிசையிலும் ஆடியவர் என்பதை அவர் நினைவில் வைத்திருந்தார். அரையிறுதியில் தென் வியட்நாமுக்கு எதிராக ஜர்னைல் ஒரு கோல் போட்டார். செப்டெம்பர் 4இல் இறுதிப்போட்டி, மறுபடியும் தென் கொரியா, கிட்டத்தட்ட ஒரு இலட்சம் பேர் எதிராகக் கூச்சல் போடும் அரங்கு. பி.கே. பானர்ஜி ஒன்று, ஜர்னைல் ஒன்று. காய்ச்சலிலிருந்து எழுந்து வந்த தங்கராஜ் கோலுக்குள் நின்றார். 2-1.

அந்த அணியைப் பாருங்கள். கோச் முஸ்லிம். ஜர்னைல், பிரிவினைக் கலவரத்தில் அகதியாக வந்த சீக்கியர். தங்கராஜ் கிறிஸ்தவர். கெப்டன் சுனி கோஸ்வாமி வங்காள இந்து. பிரிவினை முடிந்து பதினைந்தே வருடம். அன்றைக்கு அரங்கில் இந்தியாவுக்காகக் கைதட்டியவர்கள் பாகிஸ்தான் ஹொக்கி வீரர்கள் என்று அந்த அணியில் ஆடியவர்கள் பின்னாளில் சொன்னார்கள். 2018 மார்ச்சில் திகனையிலும் தெல்தெனியவிலும் நடந்ததை நேரில் கண்ட நமக்கு இதை விளக்கத் தேவையில்லை. எங்கள் கழகத்தில் சிங்களப் பிள்ளைகளும் தமிழ்ப் பிள்ளைகளும் ஆடுகிறார்கள். வரப்போகும் கோச் அவர்களுடைய உம்மா வாப்பாவோடு அவர்களுடைய மொழியில் பேசக்கூடியவரா என்பது லைசன்ஸுக்குக் குறைந்த தகைமை அல்ல.

ஜகார்த்தாவிலிருந்து ஒன்பது மாதங்கள் கழித்து, 1963 ஜூன் 11இல் ரஹீம் வபாத்தானார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். அவரிடமிருந்து எடுக்கக் கூடாத பாடமும் ஒன்று இருக்கிறது. அவர் ஹைதராபாத் உதைபந்தாட்டச் சங்கத்தின் செயலாளராகவும் நீண்டகாலம் இருந்தார். அணியும் நிர்வாகமும் ஒரே மனிதரின் கையில். அவர் திறமைசாலி, நேர்மையானவர், அதனால் ஓடியது. அவர் போனதும் அவருடைய இடத்தை நிரப்ப ஆள் இருக்கவில்லை. 1970இல் கிடைத்த வெண்கலத்தோடு ஆசிய விளையாட்டு விழாவில் இந்திய உதைபந்தாட்டத்தின் பதக்கக் கதை முடிந்தது. எல்லாவற்றையும் ஒரு கோச்சின் தலையில் கட்டிவிட்டு, அவர் போனால் பூட்டைப் போடும் கழகங்கள் நம் பக்கத்திலும் உண்டு.

ரக்பியில் இருந்தாவது ஒரு விடயத்தை எடுத்துக்கொள்ளலாம். கிங்ஸ்வூட் கல்லூரியில் படித்த பாஸில் மரிஜா, நித்தவெலையில் கண்டி விளையாட்டுக் கழகத்துக்கு ஆடி, நாட்டுக்குத் தலைமை தாங்கி, பிறகு அதே கழகத்தின் பயிற்றுவிப்பாளராக வந்தார். உள்ளேயே ஆள் வளர்ந்தது. நமக்கு உடனே அப்படி ஒருவர் கிடைக்காமல் போகலாம். ஆனால் வெளியிலிருந்து யார் வந்தாலும், நம் ஊர் இளைஞர் இருவரைத் தன்னோடு உதவிக்கு வைத்துப் பழக்க வேண்டும் என்பதை ஒப்பந்தத்தில் எழுதலாமே.

லைசன்ஸ் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. நாங்களே கல்லூரியில் படித்துச் சான்றிதழோடு வகுப்பறைக்கு வந்தவர்கள்தான். சான்றிதழ் வாசலைத் திறக்கும், அவ்வளவே. நேர்முகத்தில் அதைப் பார்த்து முடித்ததும் அவரை ஒரு நாள் அஸருக்குப் பிறகு மைதானத்துக்குக் கூட்டிப் போங்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் முப்பது பேரையும் இரண்டு பந்தையும் கொடுத்துவிட்டு, கமிட்டியார் மஃரிப் வரை ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். யாருடைய பெயரைக் கேட்கிறார், பந்து கிடைக்காத பிள்ளையைக் காண்கிறாரா, தவறவிட்டவனுக்கு என்ன சொல்கிறார் என்று கவனியுங்கள். சம்பளத்தைப் பிறகு பேசலாம். கூடவே கமிட்டியும் ஒரு தாளில் கையெழுத்து வைக்கட்டும்: மூன்று வருடத்துக்கு, 10-1 என்று தோற்றாலும், அணித் தெரிவில் யாருடைய மகன் என்று எவரும் கோச்சுக்குப் போன் எடுக்கமாட்டோம் என்று.