கொடியா, தெரிவா?

நிரலைத் தொகுக்கும் கம்பைலருக்குத் தரும் ‘ஃபிளாக்’ என்பதைக் ‘கம்பைலர் கொடி’ என்று ஒரு மொழிபெயர்ப்பில் படித்தபோது உறுத்தியது. சங்கரன்கோவிலில் கொடியேற்றம் என்றால் கோமதி அம்மனின் ஆடித்தபசு தொடங்கிவிட்டது என்று ஊருக்கு அறிவிப்பது. கொடி என்பது படரும் செடியும்கூட. வளைவைக் குறிக்கும் ‘கொடு’ என்பதே இதன் வேர் என்பர். கொடுவாளும் கொடுங்கோலும் அந்த வழிதான். தொப்புள்கொடி, தாலிக்கொடி, துணி காயும் கொடி என்று பொருள் நீண்டது. கம்பைலருக்கு நாம் தருவதோ அறிவிப்பு அல்ல, இப்படிச் செய் என்னும் ஏவல். அதைக் கம்பைலர் ஏற்குமா என்று லினக்ஸ் கெர்னலின் கட்டமைப்பு முறை முதலில் ஒரு வெற்று நிரலைத் தொகுத்துப் பார்க்கிறது. இதில் ஒரு சிக்கல்: எச்சரிக்கையை அடக்கும் ‘-டபிள்யூநோ’ வகை ஏவல் தனக்குத் தெரியாததாக இருந்தாலும் ஜிசிசி என்னும் கம்பைலர் வாய்திறக்காமல் ஏற்றுக்கொள்ளும். ஆகவே ‘நோ’ இல்லாத வடிவத்தைக் கொடுத்துச் சோதிக்கிறார்கள். சோதித்தபின் நம்புவதைத் திருக்குறளின் 51ஆம் அதிகாரம் ‘தெரிந்து தெளிதல்’ என்கிறது. தெரிதல் என்றால் ஆராய்ந்து தேர்ந்தெடுத்தல். நம் பேச்சில் அது வெறும் அறிதலாகச் சுருங்கிவிட்டது. இலங்கைத் தமிழில் ‘தெரிவு’ பழைய பொருளோடு இன்றும் வழங்குகிறது. கம்பைலருக்கான ஏவலும் நாம் ஆராய்ந்து தேர்வதே என்பதால், ‘கம்பைலர் தெரிவு’ என்றே எழுதுவோம்.