சுர எழுத்து முறை

கருநாடக இசையை ச, ரி, க, ம, ப, த, நி என்ற எழுத்துகளால் பதியும் முறை. யாழ்ப்பாணத்தில் வட இலங்கைச் சங்கீத சபையின் தேர்வுகளுக்குப் படிப்பவர்களும், மருதனார்மடத்தில் தொடங்கிய இராமநாதன் நுண்கலைக்கழகத்தின் வழிவந்தவர்களும் பழகியது இதுவே. குறில் ஓர் அட்சரம், நெடில் இரண்டு. காற்புள்ளி ஓர் அட்சரமும் அரைப்புள்ளி இரண்டும் நீட்டும். மேற்கோடு வேகத்தை இரட்டிக்கும்.

மேல்நாட்டு ஏபிசி முறையும் தட்டச்சு எழுத்துகளால் ஆனதே. ஆனால் அங்கே காற்புள்ளி சுரத்தை ஒரு தாயி (எண்மம்) கீழிறக்கும். நீளத்தை எண் காட்டும். 1996இல் தொடங்கிய லிலிபாண்ட் என்னும் இசை அச்சு மென்பொருளிலும் அப்படியே. அவை சுருதியை நிலையாகக் குறிப்பவை; நம் முறையில் ஆதார சட்சம் பாடுபவரின் குரலைப் பொறுத்தது. ஆகவே நேரடி மாற்றம் எளிதன்று.

தமிழ் அச்சில் பெருந்தொல்லை, மேல் தாயியைக் காட்டச் சுரத்தின் மேல் வைக்கும் தாரத்தாயிப் புள்ளி. சகரத்தின் தலையில் அதை வைத்தால் மெய்யெழுத்தாகவே தெரியும். கீழ்த் தாயியைக் காட்டும் கீழ்ப்புள்ளிக்கு இக்குழப்பம் இல்லை. ஆனால் எழுத்துருவைப் பொறுத்து அது இடம் பிசகும். சுரத்தை அசைத்துப் பாடும் கமகத்தைச் சாதாரணப் பாடநூல்கள் எழுதுவதே இல்லை. சுப்பராம தீட்சிதரின் 1904ஆம் ஆண்டு 'சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி' அதற்கெனத் தனிக் குறிகள் வகுத்தது. நுட்பமானவைதான், எனினும் அன்றாடப் பாடநூல்களில் அவை நிலைக்கவில்லை. கமகம் இன்றும் ஆசிரியரின் வாய்வழியே வருகிறது.