பாலில் காணும் ஸ்டாஃபைலோகாக்கஸை ஃபேஜ் கொண்டு வகைப்படுத்தல்: கொல்கத்தா ஆய்வுமரபின் துணையுடன்

1. வரையறை

பாக்டீரியாவுக்குள் புகுந்து பெருகி, அதைச் சிதைத்து வெளியேறும் வைரஸ் ‘ஃபேஜ்’ எனப்படும். ஒரு மாதிரியிலிருந்து பிரித்தெடுத்துக் கலப்பின்றி வளர்த்த பாக்டீரியாவைத் ‘தூயவளர்ப்பு’ என்போம். தெரிந்தெடுத்த ஃபேஜ்களுள் எவையெவை ஒரு தூயவளர்ப்பைச் சிதைக்கின்றன என்பதே அதன் ‘சிதைவுக்கோலம்’. ஒத்த கோலமுடையவை ஒரே ‘ஃபேஜ் வகை’. இனத்தை வேறு சோதனைகளால் அறிந்த பின்னரே, அதன் உட்பிரிவை அறிய இம்முறை பயன்படும்.

2. காரணம்

ஒரே இனத்துக்குள் சில சிதைவதும் சில தப்புவதும் மூன்று காரணங்களால் நிகழலாம். ஃபேஜ் பற்றிக்கொள்ளும் ஏற்பி பாக்டீரியாவின் மேற்பரப்பில் இல்லாதிருக்கலாம். உட்புகுந்த ஃபேஜ் டி.என்.ஏ.வைப் பாக்டீரியாவின் நொதிகள் துண்டித்துவிடலாம். பாக்டீரியாவைச் சிதைக்காமல் முன்பே உள்ளே உறைந்திருக்கும் மற்றொரு ஃபேஜ் காப்பளிக்கலாம். ஸ்டாஃபைலோகாக்கஸ் ஆரியஸில் பின்னிரண்டுமே பெரிதும் செயல்படுகின்றன. ஆதலால் புதிய ஃபேஜ் ஒன்று உள்ளே உறைந்துவிட்டால் வகையே மாறிவிடக்கூடும்.

3. கொல்கத்தாவின் முன்மாதிரி

கொல்கத்தாவில் இம்முறை வேரூன்றியது காலராவின் பொருட்டு. சச்சிமோகன் முகர்ஜியும் குழுவினரும் 1957இல் காலரா பாக்டீரியாவான விப்ரியோக்களுக்கு ஃபேஜ் வகைப்பாட்டை வெளியிட்டனர். முகர்ஜியின் நான்காம் தொகுதி ஃபேஜ் தொன்மைக் காலரா விப்ரியோவைச் சிதைத்தது. அதன் மற்றொரு உயிர்வகையான எல் டோர் விப்ரியோவைச் சிதைக்கவில்லை. இரண்டையும் பிரித்தறியும் சோதனையாகவே அது நிலைபெற்றது. 1968இல் பாசு என்னும் ஆய்வாளரும் முகர்ஜியும் எல் டோருக்கென ஐந்து ஃபேஜ்கள் கொண்ட தனி வகைப்பாட்டை அமைத்தனர்.

அதன்பின் நேர்ந்தது சிறப்பாகக் கவனிக்கத்தக்கது. கிடைத்த எல் டோர் வளர்ப்புகளுள் மிகப் பெரும்பாலானவை 2, 4 என்னும் இரு வகைகளுக்குள்ளேயே அடங்கின. எல்லோரும் இரண்டு பெயர்களையே சூடிய ஊரில் பெயரைக் கொண்டு ஆளைத் தேட முடியாது. வகைப்பாட்டின் நிலையும் அதுவாயிற்று. எனவே 1993இல் கொல்கத்தாவின் தேசிய காலரா மற்றும் குடல்நோய் நிறுவனம் சார்ந்த ஆய்வாளர்கள் புதிய ஃபேஜ்களைச் சேர்த்து வகைப்பாட்டை விரித்தனர்.

4. செய்முறை

தூயவளர்ப்பை அகார் தட்டில் பரப்பி உலரவிட்டு, கட்டமிட்ட இடங்களில் ஃபேஜ்களை ஒவ்வொரு சொட்டாக இடவேண்டும். ஓரிரவு வளர்த்தபின் சிதைவு நிகழ்ந்த இடம் தெளிந்திருக்கும். இங்கே ஃபேஜின் செறிவே உயிர்நாடி. தனக்குரிய வளர்ப்பை முழுமையாகச் சிதைப்பதற்குச் சற்றே போதுமான அளவுக்கு ஃபேஜ் கரைசலை நீர்க்கச் செய்வதை ‘வழக்கச் சோதனை நீர்ப்பு’ என்போம். எதுவும் சிதையாவிடில், அதனினும் 100 மடங்கு செறிவில் சோதனையைத் திரும்பச் செய்வர். 50 அல்லது அதற்கு மேற்பட்ட தெளிவட்டங்கள் இருந்தால் வலுவான சிதைவு எனக் கொள்வர். இரு வளர்ப்புகள் வேறு வேறு என்பதற்கு இரண்டு ஃபேஜ்களிலேனும் வலுவான வேறுபாடு தெரியவேண்டும்.

5. மடியும் கையும்

பாலுக்குள் ஸ்டாஃபைலோகாக்கஸ் ஆரியஸ் வரும் வழிகள் முதன்மையாக இரண்டு: மடிநோயுற்ற பசுவின் காம்பு, பாலைக் கையாள்வோரின் மூக்கும் தோலும். 42டி என்னும் ஃபேஜ் பெரும்பாலும் மாட்டிலிருந்து கிடைத்தவற்றையே சிதைக்கிறது. 71 என்னும் ஃபேஜ் வகையோ மனிதத் தோலின் கொப்புளப் புண்களோடு தொடர்புடையது.

கொல்கத்தாவில் இந்த வேறுபாட்டின் பயன் பெரிது. அங்கே பாலின் கணிசமான பகுதி ‘சானா’வாகிறது. பாலைக் கொதிக்கவைத்துத் திரித்து, வடித்து, கையால் பிசைந்து ரசகுல்லாவும் சந்தேஷும் செய்கிறார்கள். கொதியில் ஸ்டாஃபைலோகாக்கஸ் மடிந்துவிடும். ஆனால் அது முன்பே உமிழ்ந்திருந்த குடல்நச்சு அழியாது. ஆகவே உயிருள்ள பாக்டீரியா இனிப்பில் கிடைத்தால், காய்ச்சிய பின்னர் அது சேர்ந்திருக்க வேண்டும் என்றே முதலில் ஐயுறவேண்டும். பச்சைப்பால், சானா, பிசைபவரின் கை ஆகிய மூன்றிலிருந்தும் மாதிரி எடுக்காமல் இனிப்பை மட்டும் சோதிப்பது வீண்.

6. சான்றின் எல்லை

வகைகள் தெளிவாக வேறுபட்டால், அந்தக் கை அந்த இனிப்பைக் கெடுத்திருக்காது என்று ஏறத்தாழ உறுதியாகக் கூறலாம். வகைகள் ஒத்திருந்தால் அவ்வளவு உறுதி கிடையாது. அவ்வகை அந்த வட்டாரத்தில் எத்தனை பேரிடம், எத்தனை பசுக்களிடம் இருக்கிறது என்பதை அறிந்தால்தான் ஒற்றுமைக்குப் பொருள் உண்டு. காலரா ஆய்வில் 2, 4 வகைகள் காட்டியதும் இதுவே. எந்த ஃபேஜுக்கும் சிதையாத வளர்ப்புகளை ஒரே வகையென எண்ணலாகாது. அவற்றை ‘வகைப்படாதவை’ எனத் தனியே குறித்துவைத்து, உள்ளூர்ப் பசுக்களிலிருந்து பிரித்தெடுத்த புதிய ஃபேஜ்களால் மீண்டும் சோதிக்க வேண்டும்.