குட்டைத் தந்தியின் சாட்சி: பாஞ்சோ பிறந்த கதை

அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைநாட்டுப் பாஞ்சோவைக் கையில் எடுத்ததும் கண்ணில் படுவது அதன் ஐந்தாவது தந்திதான். மற்ற நான்கும் தண்டியின் உச்சிவரை போய்ப் பிருடையில் சுற்றிக்கொள்ளும். இது மட்டும் பாதி வழியிலேயே, பக்கவாட்டில் தனக்கென ஒரு பிருடை வைத்துக்கொண்டு நின்றுவிடும். ஐந்திலும் குட்டை இது. ஐந்திலும் உச்சமாக ஒலிப்பதும் இது. ஆனாலும் மெல்லிய தந்திகளின் பக்கம் இல்லாமல், தடித்த தந்திக்கு மேலே, கட்டைவிரல் தானாக வந்து விழும் இடத்தில் இருக்கிறது. இடது கை இதைத் தொடுவதே அரிது. மெட்டு எங்கே போனாலும் இது ஒரே சுரத்தில் சுருதி பிடித்துக்கொண்டிருக்கும்.

இந்தக் கருவி யார் கையில் பிறந்தது என்பதற்கு, அதைப் பற்றிய பொய்களையெல்லாம் தாண்டி நிற்கும் சாட்சி இந்தக் குட்டைத் தந்திதான்.

பாஞ்சோ என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது வட கரோலினாவிலோ கென்டக்கியிலோ ஒரு மலைக்கிராமம், மர வீட்டுத் திண்ணை, அதில் உட்கார்ந்து வாசிக்கும் ஒரு வெள்ளைக்காரப் பெரியவர். அல்லது டப்ளினில் ஒரு மதுக்கடை, பிடிலும் புல்லாங்குழலும் சேர்ந்து முழங்கும் ராத்திரி. இரண்டும் உண்மையான காட்சிகளே. ஆனால் பாஞ்சோ மலையிலும் பிறக்கவில்லை, அயர்லாந்திலும் பிறக்கவில்லை. கரீபியன் தீவுகளின் கரும்புத் தோட்டங்களில், அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் கையில் பிறந்தது.

1687இல் ஹான்ஸ் ஸ்லோன் என்ற இளம் மருத்துவர் ஜமைக்காவுக்குப் போனார். பிற்காலத்தில் பிரிட்டிஷ் மியூசியத்துக்கு அடித்தளமானது இவருடைய சேகரிப்புதான். செடிகொடிகளைப் பற்றி எழுதப் போனவர், அங்கே அடிமைகளின் ஆட்டபாட்டத்தையும் கவனித்தார். சிறிய சுரைக்குடுக்கையில் கழுத்துப் பொருத்தி, குதிரை மயிரையோ கொடியின் உரித்த தண்டையோ தந்தியாகக் கட்டி அவர்கள் வாசித்ததைக் குறித்துவைத்தார். 1707இல் வெளிவந்த அவருடைய நூலில் அந்தக் கருவிகளின் படமும் இருக்கிறது. இன்னொன்றையும் செய்தார்: பாப்டிஸ்ட் என்ற இசைக்காரரைக் கொண்டு, அங்கே கேட்ட பாடல்களைச் சுரக் குறிப்பாக எழுத வைத்தார். அடிமைப்பட்ட மக்களின் இசைக்கு அமெரிக்கக் கண்டத்தில் கிடைத்த மிகப் பழைய குறிப்புகளில் அதுவும் ஒன்று.

சுரைக்குடுக்கையில் தோல் போர்த்திய தந்தி வாத்தியங்கள் மேற்கு ஆப்பிரிக்காவில் பல டஜன் உண்டு. அவற்றில் பாஞ்சோவுக்கு மிக நெருங்கிய உறவாகத் தெரிவது, செனகல், காம்பியா, கினி-பிசாவு பகுதியில் வாழும் ஜோலா மக்களின் அகோன்டிங். ஆட்டுத் தோல், நீண்ட உருட்டுக் கழுத்து, மூன்று தந்திகள். அந்த மூன்றில் ஒன்று கட்டைவிரலுக்கான குட்டைத் தந்தி. இதை வெளியுலகுக்குக் கொண்டுவந்தவர் காம்பியாவின் டேனியல் ஜட்டா. அவர் அகோன்டிங்கை வாசித்துக் காட்டியபோது பாஞ்சோக்காரர்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. காரணம் கருவியின் உருவம் மட்டுமல்ல, அதை வாசிக்கும் வலது கை.

அந்தக் கையைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்ப்போம். மலைநாட்டுப் பழைய பாணியை கிளாஹாமர் என்பார்கள். கிட்டாரில் விரல்கள் தந்தியை மேல்நோக்கி இழுக்கும். இதில் அது கிடையாது. கையைத் தளர்வாக மடக்கி, சுட்டுவிரல் நகத்தால் ஒரு தந்தியை மேலிருந்து கீழாக அடிக்க வேண்டும். அடுத்து அதே நகம் தந்திகளை மொத்தமாக ஒரு வருடு வருடும். அப்போதே கட்டைவிரல் குட்டைத் தந்தியின் மேல் வந்து உட்கார்ந்திருக்கும். கை எழும்போது அதைத் தெறித்துவிட்டு எழும். டம், டிக்-கி. டம், டிக்-கி. புதிதாகக் கற்பவர்கள் இடது கையை மறந்துவிட்டு இதை மட்டுமே நாள்கணக்கில் அடிப்பார்கள். இது கையில் ஏறிவிட்டால் பாதிப் பாஞ்சோ வந்துவிட்டது. ஜோலா கிராமத்தில் அகோன்டிங் வாசிப்பவரின் கையும் இப்படித்தான் இறங்குகிறது: நகம் கீழ்நோக்கி, கட்டைவிரல் குட்டைத் தந்தியில்.

அகோன்டிங்கே அப்படியே கப்பலேறி வந்து பாஞ்சோ ஆனது என்று சொல்லிவிட முடியாது. ஆப்பிரிக்கக் கழுத்து உருண்டையான கம்பு. அதில் தந்தியைத் தோல் வாரால் கட்டி இழுப்பார்கள். கரீபியனில் அது தட்டையான பலகைத் தண்டியாகவும், திருகும் பிருடையாகவும் மாறியது. அது ஐரோப்பியக் கருவிகளைப் பார்த்துச் செய்த மாற்றம். பல மொழி, பல ஊர்களிலிருந்து பிடித்து வரப்பட்டவர்கள், ஒருவர் பாட்டு ஒருவருக்குத் தெரியாத இடத்தில், எல்லோரும் சேர்ந்து ஆடக்கூடிய ஒரு புதுக் கருவியைச் செய்துகொண்டார்கள். அமெரிக்க மண்ணில் மனிதர்கள் செய்த ஆகப் பெரிய காரியங்களில் ஒன்றாக இதைச் சொல்லத் தயங்க மாட்டேன்.

கரீபியனிலிருந்து பாஞ்சோ வட அமெரிக்கக் கரைக்கு வந்தது. தென் கரோலினாவில் 1739இல் ஸ்டோனோ ஆற்றங்கரையில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள். அடுத்த ஆண்டே அவர்கள் முரசும் கொம்பும் வைத்திருக்கச் சட்டம் தடை போட்டது. அந்தத் தடைக்குப் பிறகும் தந்தி வாத்தியம் ஒலித்தது: அதே தென் கரோலினாவில், 1785 முதல் 1790க்குள், ஜான் ரோஸ் என்ற தோட்ட முதலாளி ஒரு நீர்வண்ண ஓவியம் வரைந்தார். ‘பழைய தோட்டம்’ என்ற பெயரில் இன்று வில்லியம்ஸ்பர்க் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒருவர் கையில் கழியோடு ஆடுகிறார். பெண்கள் துணியை விரித்துப் பிடித்து ஆட, பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து சுரைக்குடுக்கைப் பாஞ்சோ வாசிக்கிறார். நான்கு தந்திகள், அதில் ஒன்று பாதித் தண்டியில் நிற்கும் குட்டைத் தந்தி.

இந்த ஓவியம் இல்லாவிட்டால் ஒரு பொய் நிலைத்திருக்கும். ஜோயல் ஸ்வீனி என்பவர் 1810இல் வர்ஜீனியாவில் பிறந்தவர். மேடையில் பாஞ்சோ வாசித்ததாகப் பெயரோடு பதிவாகியுள்ள முதல் வெள்ளையர். ஊரில் இருந்த கறுப்பின மக்களிடம் கேட்டுக் கற்றார். பின்னாளில் ஐந்தாவது தந்தியைக் கண்டுபிடித்தவரே இவர்தான் என்று புகழ் பரப்பினார்கள். அவர் பிறப்பதற்கு 20 ஆண்டுகள் முன்பே குட்டைத் தந்தி ஓவியத்தில் இருக்கிறது. அவர் காலத்தில் சேர்ந்தது அநேகமாகக் கீழ்ச்சுரத் தந்தியாக இருக்கலாம். கற்றுக்கொடுத்தவர்களில் ஒருவர் பெயர்கூட நிற்கவில்லை, கற்றுக்கொண்டவர் கண்டுபிடிப்பாளராகிவிட்டார்.

அடுத்து வந்தது வெட்கக்கேடான கட்டம். 1843இல் நியூயார்க்கில் நான்கு வெள்ளையர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு ‘வர்ஜீனியா மின்ஸ்ட்ரல்ஸ்’ என்ற பெயரில் மேடையேறினார்கள். அடிமைகளைக் கோமாளிகளாக்கிக் காட்டிய அந்த மின்ஸ்ட்ரல் ஷோ அமெரிக்கா முழுக்கப் பிடித்துக்கொண்டது. கருவிக்குத் தேவை கூடியது. ஜெர்மனியிலிருந்து வந்து பால்டிமோரில் முரசு செய்துகொண்டிருந்த வில்லியம் பௌச்சர், 1840களில் பாஞ்சோவும் செய்து விற்கத் தொடங்கினார். சுரைக்குடுக்கை போய் மர வளையம் வந்தது. பறையைத் தீயில் காய்ச்சுவதுபோல, ஈரக் காற்றில் தொய்யும் பாஞ்சோத் தோலையும் சூடு காட்டித்தான் முறுக்கேற்ற வேண்டியிருந்தது. முரசில் உள்ளதுபோல உலோகக் கொக்கிகளைத் திருகித் தோலை இழுக்கும் வழி வந்ததும் அந்தப் பாடு குறைந்தது. 1855இல் பிரிக்ஸ் என்பவர் பெயரில் பாஞ்சோ பாடநூல் அச்சானது. அதில் கற்றுக்கொடுத்திருப்பது என்ன முறை? நகம் கீழ்நோக்கி, கட்டைவிரல் குட்டைத் தந்தியில். யாரைக் கேலி செய்தார்களோ அவர்கள் கையைத்தான் பக்கம் பக்கமாக எழுதி விற்றார்கள்.

மலைக்கு வருவோம். அயர்லாந்தின் அல்ஸ்டரிலிருந்தும் ஸ்காட்லாந்திலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் 18ஆம் நூற்றாண்டில் குடியேறியவர்களோடு பிடிலும் ரீல் என்ற ஆட்ட மெட்டுகளும் அப்பலாச்சிய மலைகளுக்கு வந்துவிட்டன. ‘லார்டு மெக்டொனால்ட்’ என்ற பழைய ஸ்காட்டிஷ் ரீல், இந்த மலைகளில் ‘லெதர் பிரிட்சஸ்’ என்று பெயர் மாறி வாழ்வது ஓர் உதாரணம். பாஞ்சோ அங்கே பல வழிகளில் ஏறியது: அடிமைகளோடும், மின்ஸ்ட்ரல் குழுக்களோடும், அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்து வீடு திரும்பிய சிப்பாய்களோடும், மலையைக் குடைந்து ரயில் பாதை போட்ட கறுப்பினத் தொழிலாளர்களோடும். பிடில் மெட்டைப் பாட, பாஞ்சோ அதன் அடியில் தாளத்தைப் போட, இரண்டும் சேர்ந்ததுதான் மலைநாட்டு இசை. இந்த ஜோடியையும் முதலில் சேர்த்து வாசித்தவர்கள் தோட்டங்களில் இருந்த கறுப்பின இசைக்காரர்களே.

ஆட்டத்தையும் இதிலிருந்து பிரிக்க முடியாது. ஃபிளாட்ஃபுட் என்ற மலைநாட்டு ஆட்டத்தில் பாதம் தரையை விட்டு அதிகம் எழாது. செருப்பின் குதியும் நுனியும் பலகைத் தரையைத் தட்டியே தாளம் சொல்லும். அயர்லாந்தின் கானமாராவில் ஆடும் ஷான்-நோஸ் ஆட்டமும் இப்படித் தரையோடு பேசுவதுதான். ஆப்பிரிக்கக் கால் தாளமும் ஐரிஷ் ஜிக் ஆட்டமும் நேருக்கு நேர் சந்தித்த இடம் 1840களின் நியூயார்க். ‘மாஸ்டர் ஜூபா’ என்று புகழ்பெற்ற வில்லியம் ஹென்றி லேன் என்ற கறுப்பின இளைஞரும், ஜான் டைமண்ட் என்ற ஐரிஷ் வம்சாவளி ஆட்டக்காரரும் பந்தயம் கட்டி ஆடினார்கள். டேப் நடனத்தின் வேர் அங்கே இருக்கிறது.

அயர்லாந்துக்குப் போன பாஞ்சோவின் கதை வேறு மாதிரி. 1840களில் ஸ்வீனியும் மின்ஸ்ட்ரல் குழுக்களும் கடல் கடந்து போய் அங்கே அதை அறிமுகம் செய்தார்கள். ஆனால் இன்று ஐரிஷ் மெட்டுகளில் கேட்பது அந்தக் கருவி அல்ல. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க நடனக் குழுக்களுக்காகச் செய்த டெனர் பாஞ்சோ. நான்கே தந்திகள், பிளெக்ட்ரம் என்ற சிறு தகட்டை வைத்து அடிப்பது, குட்டைத் தந்தி இல்லை. நியூயார்க்கில் கடை வைத்திருந்த எலன் ஓபர்ன் டிவிட் என்ற அம்மையார், 500 பிரதிகளைத் தானே வாங்கிக்கொள்வதாகச் சொல்லிக் கொலம்பியா இசைத்தட்டு நிறுவனத்தை ஐரிஷ் இசையைப் பதிய வைத்தது 1916இல். அப்போது வாசித்தது ஓர் அக்கார்டியனும் ஒரு பாஞ்சோவும். பிற்பாடு ‘டப்ளினர்ஸ்’ குழுவின் பார்னி மெக்கென்னா, டெனர் பாஞ்சோவைப் பிடிலுக்கு ஒரு ஸ்தாயி கீழே சுருதி கூட்டி வாசித்தார். பிடில்காரரின் விரல் வைப்பு அப்படியே இதற்கும் செல்லும் என்பதால், கற்பவர்களுக்கு வழி திறந்துவிட்டது. இன்று ஐரிஷ் பாஞ்சோக்காரர்களில் பெரும்பாலோர் சுருதி கூட்டுவது அப்படித்தான்.

இத்தனைக்கும் பிறகு பாஞ்சோ எப்படி ‘வெள்ளைக்கார மலைக் கருவி’ ஆனது? இரண்டு காரணங்களைச் சொல்வேன். செசில் ஷார்ப் போன்ற ஆங்கிலேயப் பாடல் சேகரிப்பாளர்கள் 1916 முதல் 1918 வரை மலைகளில் அலைந்து நூற்றுக்கணக்கான பாடல்களைக் காப்பாற்றினார்கள். அது பெரிய தொண்டு. ஆனால் அவர்கள் தேடியது பழைய இங்கிலாந்தை; அதனால் கறுப்பினப் பாடகர்கள் அவர்கள் நோட்டில் அனேகமாக இல்லை. அதைவிடக் கேடு செய்தது 1920களின் இசைத்தட்டு வியாபாரம். வெள்ளையர் பிடிலும் பாஞ்சோவும் வாசித்தால் ‘ஹில்பில்லி’ வரிசை, கறுப்பினத்தவர் பாடினால் ‘ரேஸ்’ வரிசை என்று பிரித்தார்கள். பாஞ்சோ வாசிக்கும் கறுப்பினக் குழு இரண்டு வரிசையிலும் அடங்கவில்லை. பெரும்பாலும் பதியப்படவே இல்லை. மின்ஸ்ட்ரல் கேலியின் காயமும் சேர்ந்துகொள்ள, அவர்களுடைய பிள்ளைகள் கருவியைக் கீழே வைத்துவிட்டார்கள்.

ஆனாலும் அறுந்துபோகவில்லை. வட கரோலினாவின் மெபேன் ஊரில் ஜோ தாம்சன் என்ற கறுப்பினப் பிடில்காரர் இருந்தார். மரச்சாமான் தொழிற்சாலையில் உழைத்தவர். அப்பா, சித்தப்பா என்று குடும்பமே வாசித்தது. சோளம் உரிக்கும் நாட்களில் ஊரார் கூடி ஆடும் ஆட்டங்களுக்குச் சின்ன வயதிலேயே வாசித்தவர். கூடப் பாஞ்சோ வாசித்த உறவுக்காரர் ஓடெல் தாம்சன் 1994இல் இறந்துபோனார். 2005 ஏப்ரலில் பூன் நகரில் கறுப்பினப் பாஞ்சோக்காரர்களின் சந்திப்பு ஒன்று நடந்தது. அங்கே சந்தித்துக்கொண்ட ரியானன் கிடன்ஸ், டாம் ஃபிளெமன்ஸ், ஜஸ்டின் ராபின்சன் என்ற மூன்று இளைஞர்கள், அதன்பின் வியாழக்கிழமை ராத்திரிகளில் தாம்சன் வீட்டுக்குப் போய் உட்கார்ந்தார்கள். அவருக்கு அப்போது 86 வயது. பாடத்திட்டம் எதுவும் இல்லை. பெரியவர் வாசிப்பார், இவர்கள் கேட்டுக்கேட்டுக் கூடச் சேர்வார்கள். ‘கரோலினா சாக்லேட் டிராப்ஸ்’ என்று அவர்கள் அமைத்த குழு 2011இல் கிராமி விருது பெற்றது. கிடன்ஸ் இன்று வாசிப்பது 1858ஆம் ஆண்டுப் பாஞ்சோ ஒன்றின் மாதிரியில் செய்த, தண்டியில் ஃப்ரெட் பட்டைகள் இல்லாத கருவி.

அதே வட கரோலினாவின் மலையடிவாரத்தில், டோஸ்ட் என்ற சிற்றூரில், டாமி ஜாரெல் என்ற வெள்ளைக்காரப் பெரியவரும் இப்படித்தான் கதவைத் திறந்து வைத்திருந்தார். நெடுஞ்சாலைத் துறை வேலையிலிருந்து 1966இல் ஓய்வு பெற்றவர். 1985இல் இறக்கும்வரை, எங்கெங்கிருந்தோ வந்த இளைஞர்களுக்குச் சோறு போட்டு உட்கார வைத்து வாசித்துக் காட்டினார். அவர் கையும் கீழ்நோக்கித்தான் இறங்கியது.

பாஞ்சோ கற்க ஆசைப்படுபவர்களுக்கு ஒன்று சொல்வேன். எந்த விரல் எந்தத் தந்தி என்று எழுதிய தாளை வாங்குவதற்கு முன், ஜோவும் ஓடெலும் சேர்ந்து வாசித்த பதிவுகளைத் தேடிப்பிடித்துக் கேளுங்கள். டாமி ஜாரெலைக் கேளுங்கள். ஜோலா மக்களின் அகோன்டிங்கையும் கேளுங்கள். பிறகு, தெரிந்த ஒருவர் எதிரில் உட்கார்ந்து அவருடைய வலது கையைப் பார்த்துத் தொடங்குங்கள்.