நாயர் குல வழக்கும் மணத்தின் இலக்கணமும்

மணம் என்பது யாது? ஒருவனும் ஒருத்தியும் கூடி, அவள் பெறும் மக்கள் அவ்விருவர்க்கும் உரிய மக்களாக ஏற்கப்படுவதே மணம் என்று 1951ஆம் ஆண்டில் வெளிவந்த மானிடவியற் கைந்நூலொன்று வரையறுத்தது. அவ்வரையறைக்குள் எளிதில் அடங்காதது மத்திய கேரளத்து நாயர் குல வழக்காகும். அதனை ஆராய்ந்து மணத்தின் இலக்கணத்தையே விரித்தவர் கதலீன் கஃப் (1925–1990) என்னும் ஆங்கிலப் பெண்மணி.

1947 முதல் 1949 வரை கேரளத்தில் தங்கி ஆராய்ந்த அவர், 1792இல் ஆங்கிலேயர் ஆட்சி ஏற்படுமுன் நிலவிய முறையை விளக்கினார். தாய்வழியினர் அனைவரும் தறவாடு எனப்படும் ஒரே குடும்பமாக வாழ்ந்தனர். மூத்த ஆண்மகனாகிய காரணவர் அதனை நிருவகித்தார். பெண் பூப்படையுமுன் தாலி கட்டப்பெற்றாள். தாலி கட்டியவனுக்கு அவளுடன் வாழும் கடப்பாடில்லை. எனினும் அவன் இறப்பின் அவளும் அவள் மக்களும் துடக்குக் காத்தனர். பின்னர் அவள் ஒருவரோ பலரோ ஆகிய ஆடவருடன் சம்பந்தம் கொண்டாள். அவர்கள் இரவில் வந்து காலையில் தத்தம் தறவாட்டுக்கு மீண்டனர். குழந்தை பிறந்தவழி, உரிய தகுதியுடைய ஒருவன் மருத்துவிச்சிக்குரிய பொருளைக் கொடுத்துத் தந்தைமையை ஒப்புக்கொள்ளல் வேண்டும். ஒப்புக்கொள்வார் இல்லையெனின் அப்பெண் குலத்தினின்றும் விலக்கப்பட்டாள். ஆகவே இது கட்டற்ற வாழ்வன்று. கடுமையான விதிகளையுடைய வாழ்வேயாகும்.

பிரித்தானிய நீதிமன்றங்களோ சம்பந்தத்தை மணமெனக் கொள்ளவில்லை. 1891ஆம் ஆண்டின் மலபார் மண ஆணைக்குழுவில் அங்கம் வகித்த நாவலாசிரியர் சந்துமேனன், அதுவும் மணமே என்று வாதித்தார். 1896இல் வந்த சட்டம் பதிவுசெய்த சம்பந்தத்தை மட்டும் மணமென ஏற்றது. பதிவுசெய்தவர் மிகச் சிலரே.

இவ்வழக்கு அறிஞரிடையே மீண்டும் எழுந்தது. இலங்கையிற் கள ஆய்வு செய்த எட்மண்ட் லீச், சிங்களவரிடை நிலவிய பல கணவர் முறையை எடுத்துக்காட்டி, எல்லாச் சமுதாயங்களுக்கும் பொருந்தும் மண இலக்கணம் ஒன்றில்லை என்று 1955இல் எழுதினார்; நாயரிடையே மணமே இருந்ததில்லை என்றும் கருதினார். 1959இல் கஃப் மறுமொழி கூறினார். ஒரு பெண்ணுக்கும் மற்றொருவருக்கோ பலருக்கோ இடையே அமைந்து, அவள் பெறும் குழந்தைக்குச் சமுதாயத்தின் முழுப் பிறப்புரிமையை நல்கும் உறவே மணம் என்பது அவர் கொள்கை. மற்றவர் ஆடவராகவே இருத்தல் வேண்டுமென அவர் விதிக்கவில்லை. ஆபிரிக்காவின் நுவர் மக்களிடையே பெண் பெண்ணை மணக்கும் வழக்கையும் அவர் கருதினார்.

1933இல் நடைமுறைக்கு வந்த மருமக்கட்டாயச் சட்டம் சென்னை மாகாணத்திற் சம்பந்தத்தை மணமென ஏற்றது. 1976இல் கேரளத்திற் கூட்டுக்குடும்ப முறையே சட்டத்தால் நீங்கிற்று. தறவாடு மறைந்தது, கஃப் எழுப்பிய வினா மறையவில்லை. ஒரு குடும்பம் நம் குடும்பம் போன்றதா என்பதன்று அவ்வினா. அதிற் பிறந்த குழந்தைக்கு உலகில் இடமுண்டா என்பதே.